மருத்துவரா, செவிலியரா, தன்னார்வலரா? ஊரகச் சுகாதாரத்தில் அடுத்த பணியிடம் யாருக்கு

தமிழ்நாட்டின் ஊரகச் சுகாதாரப் பணியை விரிவாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புதிதாகக் கிடைக்கும் பணத்தை எந்தப் பணியிடத்தில் போடுவது என்று கேட்டால்தான் கருத்துகள் பிரிகின்றன. மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்பார் சிலர். துணை சுகாதார நிலையத்தில், கிராம சுகாதார செவிலியரோடு பட்டமோ பட்டயமோ பெற்ற இன்னொரு செவிலியரையும் அமர்த்துங்கள் என்பார் வேறு சிலர். வீடு தேடிச் செல்லும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களைப் பெருக்கினாலே போதும், செலவும் குறைவு என்பது மூன்றாம் தரப்பின் வாதம். கடந்த பத்தாண்டுகளில் இந்த மூன்று வழிகளையும் இம்மாநிலம் ஏதோ ஓர் அளவில் செய்து பார்த்திருப்பதால், வெறும் ஊகத்தைக் கொண்டு ஒப்பிட வேண்டிய நிலை நமக்கு இல்லை.

ஒப்பிடுவதற்கு முன், பணி மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நமது துணை சுகாதார நிலையங்கள் பேறுகாலத்துக்காகவும் தடுப்பூசிக்காகவும் உருவானவை. அந்த வேலையை அவை செய்து முடித்தன என்றே சொல்லலாம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. இன்று ஊரை வாட்டுவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும். 2020-இல் மாநிலத்தில் தொற்றா நோய்களைப் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு, 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 17.6 சதவீதத்தினருக்கு நீரிழிவும் இருப்பதாகக் கண்டது. அவர்களுள் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் இரத்த அழுத்தத்தில் 7.3 சதவீதம், நீரிழிவில் 10.8 சதவீதம் மட்டுமே.

இந்தச் சதவீதங்களை ஓர் ஊரின் கணக்காக மாற்றிப் பார்ப்போம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. 5,000 பேரில் அந்த வயது வரம்புக்குள் 3,500 பேர் இருப்பதாகக் கொண்டால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் ஏறத்தாழ 1,190 பேர். அவர்கள் மாதம் ஒருமுறை மாத்திரைக்கு வந்தால், 25 வேலை நாளில் நாளொன்றுக்கு 47 அல்லது 48 பேர். அதே கூட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் நாளொன்றுக்கு 285 பேர். இதில் காய்ச்சல், காயம், கர்ப்பிணிப் பரிசோதனை எதுவும் சேரவில்லை. எல்லாரும் அரசு நிலையத்துக்கு வரப்போவதில்லை என்பது உண்மைதான். பாதிப் பேர் வந்தாலும் ஒப்பீட்டின் திசை மாறாது.

மருத்துவர்களைக் கூட்டும் வழி இந்தக் கணக்கில்தான் தடுமாறுகிறது. இரண்டு மருத்துவர் உள்ள நிலையத்தில் மூன்றாமவரை அமர்த்தினால், தலைக்கு 142 என்றிருந்தது 95 ஆகும். அந்த 95 பேரில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது புதிய நோயறிதல் அன்று. அழுத்தத்தை அளந்து பார்ப்பதும், அதே மாத்திரையைத் தொடரச் சொல்வதும், அளவு ஏறியிருந்தால் மேலே அனுப்புவதுமே அவர்களுக்குச் செய்ய வேண்டியவை. ஒரு வருட உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு படித்த ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது அவருக்கும் அலுப்பு, அரசுக்கும் செலவு.

இவ்வழியின் இன்னொரு தொல்லை, மருத்துவர் அங்கே எத்தனை காலம் இருப்பார் என்பது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் பட்டப் படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு தருவது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று உறுதி செய்தது. இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் தொலைவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இளம் மருத்துவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்குச் சிறப்பு மருத்துவர்களும் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆகவே அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வந்தவர் சில ஆண்டுகளில் மேற்படிப்புக்குப் போய்விடுவார் என்பது இந்த ஏற்பாட்டின் உள்ளேயே இருக்கிறது. இருபது ஆண்டு தொடர வேண்டிய சர்க்கரை நோயாளிக்கு, மூன்று ஆண்டில் மாறும் மருத்துவர் நல்ல துணை ஆகமாட்டார்.

மருத்துவரை மையமாக வைத்த விரிவாக்கங்களை அண்மையில் இரண்டு முறை கண்டோம். 2020 டிசம்பரில், 2,000 என்ற இலக்கோடு அம்மா மினி கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. 2022 ஜனவரியில் அவை முடிவுக்கு வந்தன. அரசியல் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், தற்காலிக நியமனத்தின் மேல் எழுப்பப்பட்ட எதுவும் ஆட்சி மாற்றத்தைத் தாங்காது என்பதற்கு அது சான்று. அடுத்தது, 2023 ஜூனில் முதற்கட்டமாக 500 இடங்களில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். மொத்தம் 708 என்பது திட்டம். மருத்துவர், செவிலியர், சுகாதார ஆய்வாளர், உதவியாளர் என நால்வர். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை வேலை. நகரத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு என்பதே என் மதிப்பீடு. அங்கே துணை நிலைய வலை ஊரகத்தைப்போல வளரவில்லை; கூலி வேலைக்குப் போகிறவர் மாலை ஆறு மணிக்குத்தான் வர முடியும். ஊரகத்துக்கு இதையே நகலெடுப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. நியமன அறிவிப்புகளில் கண்ட தொகுப்பூதியத்தைக் கூட்டினால் (மருத்துவருக்கு 60,000, செவிலியருக்கு 18,000, ஆய்வாளருக்கு 14,000, உதவியாளருக்கு 8,500) ஒரு மையத்துக்கு மாதம் 1,00,500 ரூபாய். இதே தொகையில் துணை நிலையங்களில் ஏழு இடைநிலை சுகாதாரப் பணியாளர்களை, அதாவது தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது செவிலியர்களை, 2021 நியமன அறிவிப்பில் கண்ட 14,000 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தலாம். ஏழு ஊர்த்தொகுதிகளுக்கு ஏழு பேர்.

தன்னார்வலர் வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அதன் பலமும் குறையும் வெளிப்படையானவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சில நாள் பயிற்சியும், அளவுக் கருவிகளும், மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்து வீடுகளுக்கு அனுப்பியது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. தனக்கு இரத்த அழுத்தம் இருப்பதே தெரியாதவரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றுகிற பெண் அதே தெருக்காரர் என்பதால், மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று உரிமையோடு கேட்கவும் முடிகிறது. ஆனால் கண்டுபிடித்த பிறகு அனுப்பி வைக்க ஓர் இடம் வேண்டும். இரத்த அழுத்தம் 180 என்று காட்டினால் அவர் செய்யக்கூடியது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வது மட்டுமே. அங்கே என்ன நெரிசல் என்பதை மேலே பார்த்தோம். முழு நாளும் அலைகிற ஒருவரைத் தன்னார்வலர் என்று அழைத்து ஊதியத்தை ஊக்கத்தொகை ஆக்குவது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது தனிக் கேள்வி. அங்கன்வாடியிலும் இப்படித்தான் தொடங்கினோம்.

நடுவில் இருப்பது துணை நிலையத்துக்கு இரண்டாவது செவிலியர். தென் மாவட்டம் ஒன்றில் நான் ஒரு புதன்கிழமை உட்கார்ந்திருந்த துணை நிலையத்தைச் சொன்னால் இதன் தேவை விளங்கும். இரண்டு அறை, முன்னறையில் ஒரு மேசை, சுவரோரம் ஒரு பெஞ்சு. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிக் குளிர்பெட்டி வந்துவிட்டது. உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பொதிகள், நடுவே குப்பிகள். கிராம சுகாதார செவிலியர் குழந்தைக்கு ஊசி போடுகிறார், தாய்-சேய் அட்டையில் எழுதுகிறார், பதிவேட்டில் எழுதுகிறார், அதையே மறுபடி கைப்பேசிச் செயலியிலும் ஏற்றுகிறார். பெஞ்சில் பதினொரு பேர். மாத்திரை தீர்ந்துபோன பெரியவர் ஒருவர் காலி அட்டையை நீட்டியபடி வாசலில் நிற்கிறார். “தாத்தா, இன்னிக்குத் தடுப்பூசி நாளு. வெள்ளிக்கிழமை வாங்க.” “வெள்ளிக்கிழமை நூறு நாள் வேலை இருக்குதும்மா.” அவர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தச் செவிலியர் மேல் எந்தக் குறையும் இல்லை; இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தைத்தான் இடைநிலை சுகாதாரப் பணியாளர் நிரப்ப வேண்டும். 2017-இல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் மாநிலம் நடத்திய அனைவருக்கும் நலவாழ்வு முன்னோட்டம், துணை நிலையத்தில் கூடுதல் ஆளும் தொடர்ந்து மருந்தும் இருந்தால் மக்கள் அங்கேயே புறநோயாளியாக வருவார்கள் என்பதைக் காட்டியது. மருந்து இருந்தால் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் ஒழுங்கு இல்லாமல் இந்த முன்னோட்டம் எடுபட்டிருக்காது. அதன்பின் மத்திய அரசின் நலவாழ்வு மையத் திட்டம் வந்தது. 2021 இறுதியில் 4,848 இடைநிலைப் பணியாளர்களும் 2,448 இரண்டாம் நிலை சுகாதார ஆய்வாளர்களும் மாதம் 14,000 ரூபாய்க்குத் தேர்வு செய்ய அறிவிப்பு வெளியானது. மாநிலத்தின் ஊரகத் துணை நிலையங்கள் 8,713. அதாவது பாதிக்குச் சற்று மேல்.

இவ்வழிக்கு மூன்று எதிர்வாதங்கள் உண்டு. செவிலியர் மருந்து எழுதலாமா என்பது முதலாவது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமுதாய நலப் பணியாளருக்கு வரம்புக்கு உட்பட்ட உரிமம் தர இடமளித்தபோது மருத்துவர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்தச் சண்டைக்குள் போகாமலே இங்கே வேலை நடக்கும். முதல் மருந்தை மருத்துவர் தொடங்குகிறார், தொடர் மருந்தைச் செவிலியர் கொடுக்கிறார், மாற்றம் தேவையானால் தொலைமருத்துவத்தில் மருத்துவரைக் கேட்கிறார் என்பதே நடைமுறை, அதுவே போதும்.

இரண்டாவது, யார் தலைமை என்பது. வெளியில் அதிகம் பேசப்படாவிட்டாலும் இதுதான் மூன்றில் கடினமானது. கிராம சுகாதார செவிலியர் பணி மூப்பு உடையவர், காலமுறை ஊதியத்தில் இருப்பவர், பதிவேடுகளுக்குப் பொறுப்பானவர், ஊரை வீடு வீடாக அறிந்தவர். இடைநிலைப் பணியாளர் வயதில் இளையவர், படிப்பில் கூடுதல், பணியில் தற்காலிகம். 2023-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,250 கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களுக்கு அறிவித்தபோது அடிப்படை ஊதியம் மட்டும் 19,500 ரூபாயில் தொடங்கியது. அதே கட்டடத்தில் அவரைவிட நீண்ட படிப்பு முடித்தவருக்கு 2021 அறிவிப்பின்படி மொத்தமே 14,000. யார் யாருக்கு அறிக்கை தருவது என்று எழுத்தில் இல்லாவிட்டால், நடப்பது ஒன்றுதான்: மூத்தவர் தம் பதிவேட்டு வேலையை இளையவர் தலையில் வைப்பார், அல்லது இளையவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றுப்பணியில் இழுத்துக்கொள்வார்கள். இரண்டிலும் வாசலில் நிற்கும் பெரியவருக்கு ஆள் இல்லை.

மூன்றாவது எதிர்வாதம் நியமனத்தின் தன்மை. எந்தப் பணியிடம் என்ற கேள்வியைவிட எவ்வகை நியமனம் என்ற கேள்வியே முடிவைத் தீர்மானிக்கிறது என்று எண்ணுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்தது தமிழ்நாட்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று. இரவில் மருத்துவர் இல்லாத ஊரிலும் விளக்கெரிந்த அறையில் ஒரு செவிலியர் இருந்தார். அந்தச் செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்கள், பின்னர் நிரந்தரமாவோம் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். 2015 முதல் மாதம் 7,700 ரூபாய்க்கு, இரண்டு ஆண்டுக்குப் பின் காலமுறை ஊதியம் என்ற பேச்சோடு எடுக்கப்பட்டவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். கொரோனாவின்போது 2020-இல் அவசரமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடிக்கப்பட்டது. இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி விதியைப் பின்பற்றி எடுக்கப்படாததால் அவர்களை நிரந்தரமாக்க வழியில்லை என்பது அரசு சொன்ன காரணம். அவசரத்தில் விதியைத் தாண்டி எடுப்பதும், அவசரம் முடிந்ததும் அதே விதியைக் காட்டி விடுவிப்பதும் ஒரு துறைக்கு நல்ல பெயர் தராது.

தொகுப்பூதியத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் நிதி. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் பணத்தில் 60 பங்கு மத்திய அரசுடையது, 40 பங்கு மாநிலத்துடையது. திட்ட ஒப்புதல் நின்றால் பணமும் நிற்கும் என்பதால் நிரந்தரப் பணியிடம் உருவாக்க நிதித் துறை தயங்குகிறது. தயக்கம் நியாயமானதே. ஆனாலும் நீரிழிவு திட்டக் காலத்தோடு முடிவடையும் நோயன்று. 4,848 பேரையும் ஒரே ஆண்டில் நிரந்தரமாக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கு 808 பேர் வீதம், தேர்வு வாரியத்தின் வழியே, இனச்சுழற்சியோடு, ஏற்கெனவே பணியாற்றிய ஆண்டுகளுக்குச் சிறப்பு மதிப்பெண் தந்து எடுத்தால் ஆறு ஆண்டில் முடியும். அதற்குள் மீதிப் பாதி நிலையங்களுக்கான நியமனத்தையும் தொடங்கிவிடலாம்.

பணி உயர்வுப் படிக்கட்டு இங்கே முக்கியம். சென்னை மாகாணத்தில் 1922-இல் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம் ஏற்பட்டது. 1939-இல் தனிச் சட்டமும் வந்தது. விடுதலைக்குப் பின் பல மாநிலங்கள் மருத்துவத்தையும் பொது சுகாதாரத்தையும் ஒரே நிர்வாகத்தில் கலந்தபோது தமிழ்நாடு பிரித்தே வைத்திருந்தது. இயக்குநர் வரை உயரக்கூடிய, பொது சுகாதாரப் பட்டயம் படித்த அலுவலர் வரிசை ஒன்று அதனால் உருவாயிற்று. 2017-இன் தேசிய நலக் கொள்கை எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைத்ததும் இத்தகைய தனி வரிசையைத்தான். கிராம சுகாதார செவிலியருக்கும் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று மேலே படிகள் உண்டு. இடைநிலைப் பணியாளருக்கு மட்டும் எந்தப் படியும் இல்லை. சேர்ந்த நாளில் இருந்த பெயரோடுதான் விலகும் நாளிலும் இருப்பார். மருத்துவர்களைக் கூட்ட வேண்டிய இடமும் இங்கேதான் இருக்கிறது. புறநோயாளி அறைக்கு மூன்றாமவரைத் தேடுவதைவிட, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொது சுகாதாரம் படித்து, துணை நிலையங்களின் சிகிச்சைத் தரத்தைச் சரிபார்ப்பதே வேலையாகக் கொண்ட ஒரு மருத்துவரைத் தருவது மேல்.

பயிற்சியிலும் தெரிவு உண்டு. செவிலியரை இடைநிலைப் பணிக்குத் தயாராக்கும் ஆறு மாத இணைப்புப் படிப்பை நீட்டலாம். அல்லது பணியில் இருந்தபடியே தொடர்ந்து பயிற்றலாம். நான் பின்னதன் பக்கம். பூந்தமல்லியிலும் காந்திகிராமத்திலும் இதற்கென நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே வரவழைத்தால் துணை நிலையம் அத்தனை நாள் பூட்டிக்கிடக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. பெரும்பாலும் எண்ணிக்கை கேட்பதிலேயே பொழுது போய்விடுகிறது. அந்த நாளின் பாதியைப் பயிற்சிக்கு ஒதுக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு அழுத்தம் அளப்பது, சர்க்கரை நோயாளியின் பாதத்தை நூலிழை வைத்துத் தொட்டுப் பார்ப்பது, எந்த அளவுக்கு மேல் அன்றே அனுப்ப வேண்டும் என்பது ஆகியவற்றை நோயாளியை முன்னால் வைத்தே சொல்லித்தரலாம். செலவு, மதியச் சாப்பாடு.

எனவே, பணம் ஒருவருக்குத்தான் என்றால் துணை நிலையத்தின் இரண்டாவது செவிலியருக்கே தர வேண்டும் என்பது என் முடிவு. தன்னார்வலரை அவரோடு இணைக்க வேண்டும், மருத்துவரை அவருக்கு மேலே மேற்பார்வைக்கு வைக்க வேண்டும். தொடக்கம் மலை வட்டாரங்களில் இருக்கட்டும். கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் 3,000 பேருக்கு ஒரு நிலையம் என்ற விதி இருந்தாலும், ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் போக அரை நாள் ஆகும். சமவெளியிலிருந்து போகிறவர் முதல் இடமாறுதல் கலந்தாய்வுக்காகக் காத்திருப்பார். மலையிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை அரசு செலவில் செவிலியர் பட்டயம் படிக்க வைத்து, அங்கேயே பணி என்ற உடன்படிக்கையோடு அமர்த்தினால் மூன்று ஆண்டில் முதல் தொகுதி வந்துவிடும். முதல் 808 பேரின் பட்டியல் வெளியாகும் முன்பே, துணை நிலையத்தில் யார் எந்த வேலைக்குப் பொறுப்பு, எவரையும் மாற்றுப்பணியில் எடுக்கக் கூடாது, தடுப்பூசி நாளிலும் மாத்திரை உண்டு என்ற மூன்றும் அரசாணையில் ஏறியிருக்க வேண்டும்.